எத்தனை மணி நேரம் கேப் விடணும்?

"தங்கச்சி, இந்த மாத்திரையப் போட்டுட்டு எத்தன மணி நேரம் கேப் விடணும்?"

மெடிக்கல் நடத்துகிற யாரைக் கேட்டாலும் இந்தக் கேள்வியைச் சொல்வார்கள். எதற்குக் கேப் என்று கேட்பவர் சொல்ல மாட்டார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கும், பக்கத்தில் சொந்தக்காரர் யாராவது நிற்கிறாரா என்று கண் ஒரு சுற்றுச் சுற்றும். நானும் "எதுக்குண்ணே?" என்று திருப்பிக் கேட்பதில்லை. கேட்டால் "சும்மா தெரிஞ்சுக்கத்தான்" என்று மாத்திரையை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பதில் கிடைக்காமலே போய்விடுவார்.

கடையில் நின்றுகொண்டு இதற்கு முழுப் பதில் சொல்ல முடியாது. பின்னால் ஒருவர் பிள்ளைக்குக் காய்ச்சல் மருந்து வேண்டும் என்று நிற்பார். இன்னொருவர் பணம் போய்விட்டது, உங்களுக்கு வரவில்லையா என்று போனைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பார். "கேப்பெல்லாம் கிடையாதுண்ணே, இது தீர்ற வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீங்க" என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். ஏன் என்று சொல்லாமல் போகாதே என்றால் யார் கேட்பார்கள்? அதனால் வலி மாத்திரையும் குடியும் ஏன் சேரக் கூடாது என்பது மட்டும் இங்கே, கொஞ்சம் நீளமாக.

எங்கள் கடை மண்டபத்துக்கும் உச்சிப்புளிக்கும் இடையில், கடலை ஒட்டிய ஊரில் இருக்கிறது. அப்பா கடலுக்குப் போனவர். நான் டி.பார்ம் படித்துவிட்டு உள்ளூரிலேயே கடை வைத்தேன். ஆகவே வருகிறவர் முகமும் தெரியும், அவர் முதுகுக்கு என்ன ஆயிற்று என்பதும் தெரியும். விசைப்படகில் மடி வலையை விஞ்ச் இழுத்துவிடும், சரி. தளத்தில் கொட்டியதைக் குனிந்து உட்கார்ந்து இறால் தனி, கணவாய் தனி, நண்டு தனி, சங்காயம் என்கிற கழிவு மீன் தனி என்று விடிய விடியப் பிரிப்பதற்கு மெஷின் கிடையாது. ஐஸ் பெட்டியைத் தூக்கவும் கிடையாது. நாட்டுப்படகுக்காரர்களுக்கு வலை இழுப்பதே கையால்தான். நாற்பது தாண்டினால் தோள்பட்டை மேலே எழும்பாது, ஐம்பதில் ஒரு கால் மரத்துப்போகிறது என்பார்கள். அப்புறம் எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ எல்லாம் முடிந்து, இடுப்புக்கிட்டே எல் ஃபோர் எல் ஃபைவ் டிஸ்க் விலகியிருக்கிறது என்று ஒரு சீட்டோடு ராமநாதபுரத்திலிருந்தோ மதுரையிலிருந்தோ வந்து நிற்பார்கள்.

ராமேஸ்வரம் பக்கம் விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் கடலுக்குப் போகும். மற்ற நாட்கள் நாட்டுப்படகுக்கு. ஓடிக்கொண்டிருக்கும்போது வலி தெரியாது, கரையில் உட்கார்ந்தால்தான் தெரியும். அந்த நாளில்தான் என் கடையிலும் கூட்டம், டாஸ்மாக்கிலும் கூட்டம். ஒரே ஆள் ஒரே சாயங்காலத்தில் இரண்டு இடத்துக்கும் போகிறார் என்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

சீட்டே இல்லாமல் வருகிறவர்களும் உண்டு. "மேலெல்லாம் வலிக்குது, மூணு வேளைக்கு செட் போட்டுக் குடு. பவர் கூடுனதா இருக்கட்டும்." நாலு மாத்திரையைக் கத்தரித்து ஒரு காகிதத்தில் மடித்துக் கொடுப்பதுதான் செட். நான் செட் கட்டுவதில்லை. அதனால் என் கடையைத் தாண்டிப் போன ஆட்கள் நிறைய. போகட்டும். அந்த மடித்த காகிதத்தில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கும் தெரியாது, ராத்திரி ஒன்றென்றால் பார்க்கப்போகும் டாக்டருக்கும் தெரியாது.

முதலில் எந்த மாத்திரையைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்ளலாம். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் ஒரு வகை. வீக்கத்தைக் குறைத்து வலியைக் குறைப்பவை. டிரமடால், டாபென்டடால், கொடைன், மார்ஃபின் வேறு வகை. மூளையிலும் தண்டுவடத்திலும் அபின் எந்த இடத்தில் வேலை செய்யுமோ அதே இடத்தில் வேலை செய்பவை. ஓபியாய்டு என்று டாக்டர்கள் சொல்வது இவற்றைத்தான். ஆபரேஷன் முடிந்தவர், எலும்பு முறிந்தவர், புற்றுநோய்க்காரர், டிஸ்க் வலியில் தூங்க முடியாதவர் இவர்களுக்கெல்லாம் எழுதுவார்கள். சரியாகப் பயன்படுத்தினால் நல்ல மருந்து. நான் இவற்றுக்கு எதிரி கிடையாது.

டிரமடால் 2014 மார்ச்சிலிருந்து எச்-ஒன் பட்டியலில் இருக்கிறது. சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாது. எழுதிய டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் தனி ரிஜிஸ்டரில் ஏற்றி மூன்று வருடம் பத்திரமாக வைத்திருக்க வேண்டும். 2018 ஏப்ரலில் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்துக்குள்ளும் அதைக் கொண்டுவந்தார்கள். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், சிவப்பு எழுத்தில் ஆர்.எக்ஸ் என்றோ என்.ஆர்.எக்ஸ் என்றோ இருக்கும். என் ரிஜிஸ்டரைப் பார்த்துவிட்டு, "எம்பேர எதுக்குத்தா எழுதுற, போலீஸுக்குக் குடுக்கவா?" என்று கேட்ட மாமா ஒருவர் உண்டு. டாபென்டடாலைப் பற்றிப் பேப்பரில் அடிக்கடி வருகிறதே, "போதைக்காக வலி நிவாரணி மாத்திரை விற்றவர் கைது" என்று, அந்தச் செய்திகளால் வந்த பயம் அது.

அந்தச் செய்திகளால் இன்னொரு நினைப்பும் வந்துவிட்டது. மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றுகிற பையன்களுக்குத்தான் ஆபத்து, நான் டாக்டர் எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்த அளவில்தானே போடுகிறேன் என்று நினைக்கிறார்கள். குடியும் அப்படித்தான்: விழுந்து கிடக்கிறவனுக்குத்தான் கேடு, நான் அளவாக ஒரு கட்டிங் போடுகிற ஆள். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டு பேச்சிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஒரே ராத்திரியில் இரண்டும் சேரும்போது அந்த அளவுக் கணக்கு பலிக்காது.

இப்போது கேப் கணக்குக்கு வருவோம்.

ஒரு குவார்ட்டர் என்பது 180 மி.லி. பாட்டிலில் 42.8 விழுக்காடு என்று போட்டிருக்கும். கணக்குப் போட்டால் உள்ளே இருக்கும் சுத்தமான ஆல்கஹால் 77 மி.லி, எடையில் சுமார் 60 கிராம். நல்ல ஈரல் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 7 முதல் 10 கிராம் வரைதான் எரித்துத் தள்ளும். அதன் வேகத்தைக் கூட்ட வழியே கிடையாது. மோர், எலுமிச்சை, கட்டங்காபி, தலையில் தண்ணீர் எதற்கும் ஈரல் அசையாது. அப்படியானால் ஒரு குவார்ட்டர் முழுசாக இறங்க 6 முதல் 9 மணி நேரம். ராத்திரி 9 மணிக்குக் குடித்து முடித்தவருக்கு விடிகாலை 3 மணி வரையாவது ரத்தத்தில் சரக்கு இருக்கும், சிலருக்கு 6 மணி வரைகூட. "பீர்தானத்தா" என்பவர்களுக்கு: 8 விழுக்காடு ஸ்ட்ராங் பீர் ஒரு பாட்டில், 650 மி.லி, ஏறத்தாழ 41 கிராம். குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு.

அடுத்து மாத்திரை. டிரமடால் உடம்பில் பாதியாகக் குறையச் சுமார் 6 மணி நேரம் ஆகும். காலையில் போட்ட மாத்திரை மத்தியானம் அரை, சாயங்காலம் கால், நடு ராத்திரி அரைக்கால் (எட்டில் ஒன்று), மறுநாள் காலையில் வீசம் (பதினாறில் ஒன்று). இது ஒரே ஒரு மாத்திரைக்கு. சீட்டில் காலை, இரவு என்று இருக்கும். ஆகவே கால் பங்கு மிச்சம் இருக்கும்போதே அதன் தலையில் அடுத்தடுத்த மாத்திரை ஏறிக்கொண்டிருக்கும். வயதானவர்கள், சிறுநீரகமோ ஈரலோ கெட்டவர்கள் உடம்பில் இன்னும் மெதுவாக இறங்கும். எஸ்.ஆர் என்று பெயருக்குப் பின்னால் போட்டிருக்கும் மாத்திரைகள் அரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற மாதிரியே செய்யப்பட்டவை.

எட்டு மணிக்கு மாத்திரை, பத்து மணிக்குச் சரக்கு என்றாலும், ஏழு மணிக்குச் சரக்கு, பதினொன்றுக்கு மாத்திரை என்றாலும், நடுச் சாமத்தில் உடம்புக்குள் இரண்டும் சேர்ந்துதான் இருக்கும். இரண்டு மணி நேரம், நாலு மணி நேரம் கேப் என்பதெல்லாம் நம் மனதைத் தேற்றிக்கொள்வதற்கு.

சேர்ந்து இருந்தால் என்ன ஆகும்? வயிற்றைப் புரட்டும், தலை சுற்றும், நடை தள்ளாடும். அவை நமக்குத் தெரிகிறவை. தெரியாமல் நடப்பது மூச்சில். நாம் தூங்கும்போது மூச்சு விட யாரும் நினைவுபடுத்துவதில்லை. மூளையின் அடித்தண்டு அதைப் பார்த்துக்கொள்கிறது. ரத்தத்தில் கரியமில வாயு கூடினால் "இழு" என்று உத்தரவு போகும். ஓபியாய்டு அந்த இடத்தை மந்தப்படுத்தும். வாயு கூடினாலும் உத்தரவு தாமதமாகும். ஆல்கஹால் வேறு வழியாக வந்து மூளையை மொத்தமாக அமர்த்தும், தொண்டைச் சதையைத் தொளதொளவென்று ஆக்கும். வாந்தி வந்தால் இருமித் துப்புகிற உணர்வையும் மழுங்கடிக்கும். ஒன்று மட்டும் என்றால் உடம்பு சமாளிக்க இடம் இருக்கிறது. இரண்டும் சேரும்போது அந்த இடம் போய்விடுகிறது.

நெதர்லாந்தின் லைடன் நகரத்தில் இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். 2017-இல் வெளிவந்த ஆய்வு. இளைஞர்களும் 66 வயதைத் தாண்டியவர்களுமாக ஒரு சிறு குழுவுக்கு, நம்மூர்ச் சீட்டில் அதிகம் பார்க்காத ஆக்சிகோடோன் என்ற ஓபியாய்டு ஒரே ஒரு மாத்திரை, 20 மி.கி. அதிலேயே ஒரு நிமிடத்துக்கு உள்ளே போய் வரும் காற்று 28 விழுக்காடு குறைந்தது. கூடவே ஆல்கஹாலையும் ஏற்றியபோது இன்னும் 19 விழுக்காடு குறைந்து கிட்டத்தட்டப் பாதியில் நின்றது. மூச்சு இடையில் நின்று நின்று வந்தது வயதானவர்களுக்கே அதிகம். இத்தனைக்கும் அவர்கள் விழித்திருக்க, பக்கத்தில் டாக்டர்களும் கருவிகளும் இருக்க நடந்தது. நம் ஆட்களுக்கு இது மொட்டைமாடியில், பாயில், தூக்கத்தில் நடக்கிறது.

மொட்டைமாடி என்று சும்மா சொல்லவில்லை.

எங்கள் தெருவில் எனக்கு மைனி முறை ஒருவர். அவர் வீட்டுக்காரர் படகுத் தளத்தில் வழுக்கி விழுந்து விலா எலும்பு இரண்டு முறிந்து, ஆஸ்பத்திரியில் இருந்து வந்திருந்தார். ராத்திரிக்கு டாபென்டடால் எஸ்.ஆர் ஒன்று, நரம்பு வலிக்கு ப்ரீகாபாலின் ஒன்று. சொந்தத்தில் ஒரு சடங்கு வீடு வந்தது. முறை மாமன் வேறு, போகாமல் இருக்க முடியுமா? எல்லோரும் சொல்லி ஒரு கட்டிங் போட்டார், 90 மி.லிதான். அதை யாரும் மறுக்கவில்லை. வீட்டுக்கு வந்து, டாக்டர் சொன்ன நேரம் தவறக்கூடாதென்று ஒழுங்காக இரண்டு மாத்திரையையும் போட்டுவிட்டு மாடியில் படுத்துவிட்டார். விலா முறிந்ததிலிருந்து சரியாகத் தூங்காத மனுஷன் குறட்டை விட்டுத் தூங்குகிறாரே என்று உடன் படுத்த மச்சினன்மார்களுக்குச் சந்தோஷம்.

மைனிக்கு மட்டும் அந்தக் குறட்டை பிடிக்கவில்லை. இருபது வருடம் கேட்ட குறட்டை இல்லையே இது என்று தோன்றியிருக்கிறது. பெரிதாக ஒன்று வரும். அப்புறம் ஒன்றுமே இருக்காது. எழுந்து பார்க்கலாமா என்று நினைக்கும்போது தொண்டைக்குள் கொப்பளிக்கிற மாதிரி ஒரு சத்தம். மறுபடி ஒன்றுமில்லை. மாடி ஏறி டார்ச் அடித்துப் பார்த்தால் உதடு கறுத்திருக்கிறது, நகம் நீலம் பாரித்திருக்கிறது. தட்டினார், கிள்ளினார், பேர் சொல்லிக் கத்தினார். அசைவில்லை. "போதையில கெடக்காரு, விடுங்கக்கா, காலைல எந்திரிப்பாரு" என்றான் ஒரு மச்சினன். மைனி அவனை என்ன சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

நாலு வீடு தள்ளித்தான் நான். போனபோது கண்மணி ஊசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. 108-க்கு ஏற்கெனவே அடித்திருந்தார்கள். இடப்பக்கமாக ஒருக்களித்துப் போட்டு, தாடையைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, தோளைப் பிடித்து உலுக்கி "மூச்சு விடுண்ணே, மூச்சு விடு" என்று சொல்லிக்கொண்டே இருந்தோம். உலுக்கினால் ஒரு மூச்சு வரும். விட்டால் நின்றுவிடும். வண்டி வந்ததும் முதலில் ஆக்சிஜன் வைத்தார்கள். வாயில் எதையும் ஊற்ற நான் விடவில்லை. உப்புத் தண்ணீர் கரைத்துக்கொண்டு ஒரு சித்தி வந்து நின்றதும், அதை வாங்கிக் கீழே ஊற்றியதும் நினைவிருக்கிறது. அந்தச் சித்தி என்னோடு கொஞ்ச நாள் பேசவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன சாப்பிட்டாரு?" கூட வந்த ஆண்கள் எல்லோரும் ஒரே குரலில், "ஒண்ணுமில்ல சார், சாப்ட்டுப் படுத்தாரு." மைனிதான் முந்தானை முடிச்சை அவிழ்த்து இரண்டு அட்டையையும் மேசையில் வைத்து, "குடிச்சிருக்காரு சார், சடங்கு வீட்ல. இதையும் போட்டிருக்காரு" என்று அத்தனை பேர் முன்னால் சொன்னார். அதன் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. நாலோக்சோன் என்று ஒரு ஊசி. ஓபியாய்டு பிடித்திருக்கும் இடத்திலிருந்து அதைத் தள்ளிவிடும். சில நிமிடங்களில் கண் விழித்தார். விழித்ததும் மூக்குக் குழாயைப் பிடுங்கிக்கொண்டு, "வீட்டுக்குப் போவோம், எனக்கு ஒண்ணுமில்ல" என்று ஒரே அடம்.

அப்போது டாக்டர் சொன்னதை எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். அந்த ஊசியின் வேலை அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் தீர்ந்துவிடும். எஸ்.ஆர் மாத்திரை அதன் பிறகும் வயிற்றில் கரைந்துகொண்டிருக்கும். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் மறுபடி மூச்சு இறங்கும். போதாததற்கு அந்த ஊசி ஆல்கஹாலை ஒன்றும் செய்யாது, ப்ரீகாபாலினையும் ஒன்றும் செய்யாது. மறுநாள் வரை வைத்திருந்துதான் அனுப்பினார்கள். ஆள் இன்று நன்றாக இருக்கிறார். சடங்கு வீட்டுக் கதையைச் சொன்னால் மட்டும் எழுந்து போய்விடுவார்.

எஸ்.ஆர் பற்றி இன்னொன்று. அமெரிக்காவில் ஒரு நாள் முழுக்க மெதுவாக விடுகிற ஹைட்ரோமார்ஃபோன் கேப்ஸ்யூல் ஒன்றை 2005 ஜூலையில் சந்தையிலிருந்தே எடுக்க வேண்டி வந்தது. காரணம், ஆல்கஹால் பட்டால் அந்த மெதுவாக விடும் அமைப்பே உடைந்து, நாள் முழுக்க வர வேண்டிய மருந்து ஒரேயடியாக ரத்தத்தில் கொட்டியது. எல்லா எஸ்.ஆர் மாத்திரையும் அப்படி உடையும் என்று சொல்ல மாட்டேன். ஆனால் குடித்துக்கொண்டே மருந்தைச் சோதித்துப் பார்க்கும் வேலை நமக்கெதற்கு? அதே போல எஸ்.ஆர் மாத்திரையை "தொண்டையில எறங்கல" என்று இரண்டாக உடைத்தோ கடித்தோ போடுவதும் வேண்டாம்.

டிரமடாலுக்கு என்று தனியாக ஒரு குணம் உண்டு: வலிப்பு. அளவு கூடினால் வரும். சில மனநல மாத்திரைகளோடு சேர்ந்தால் வரும். குடியோடு சேர்ந்தாலும் அந்த வாய்ப்பு கூடும். கரையில் வலிப்பு வந்தால் பிடித்துப் படுக்கவைக்க ஆள் இருக்கும். படகு ஓரத்தில் நின்று வலையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது வந்தால்? ராத்திரி குடித்துவிட்டு விடிகாலையில் டோக்கன் வாங்கிப் படகேறுகிறவர், அலை ஆட்டத்தில் முதுகு வலிக்கக் கூடாது என்று கிளம்பும்போதே ஒன்றை விழுங்குகிறார். எனக்கு மிகவும் பயம் தருகிற நேரம் அதுதான். ஆஸ்பத்திரி தூரத்தில், கூட இருப்பவர்களுக்கு என்ன மாத்திரை என்றே தெரியாது. நடுக்கடலில் ஆபத்தென்றால் கடலோரக் காவல்படையின் 1554 எண் இருக்கிறது. கரைக்குக் கிட்டே சிக்னல் இருந்தால் போனிலேயே அடிக்கலாம், மற்றபடி வயர்லெஸ்தான்.

ஆனால் "சரி, அப்ப இன்னையிலருந்து குடிய நிறுத்திட்டு மாத்திரையப் போடுறேன்" என்று ஒருவர் வீராப்பாகச் சொன்னால் அதிலும் நான் குறுக்கே விழுகிறேன். எப்போதாவது குடிப்பவர் என்றால் தாராளமாக நிறுத்தலாம். தினமும் குடிக்கிறவர், காலையில் கை நடுங்குகிறவர், திடீரென்று நிறுத்தினால் இரண்டு மூன்று நாளில் குடி விட்டதாலேயே வலிப்பு வரலாம், பிதற்றல் வரலாம். அந்த நேரத்தில் டிரமடாலும் உள்ளே இருந்தால் இன்னும் மோசம். இப்படிப்பட்டவர் டாக்டரிடம் சொல்லித்தான் நிறுத்த வேண்டும். அதற்கும் மருந்து இருக்கிறது, அரசு ஆஸ்பத்திரியில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் பேச வேண்டுமென்றால் 14446, போதை மீட்புக்கான தேசிய உதவி எண்.

மற்ற மாத்திரைகளை ஓரிரு வரியில் முடிக்கிறேன். டைக்ளோஃபெனாக் வகையும் குடியும் சேர்ந்தால் இரைப்பை அரித்து ரத்தம் கசியும். மலம் தார் போலக் கறுப்பாகப் போனால் கருவாட்டுக் குழம்பின் மேல் பழி போடாமல் டாக்டரிடம் ஓடுங்கள். பாராசிட்டமால் தினமும் குடிப்பவரின் ஈரலைச் சாதாரண ஆளைவிடச் சீக்கிரம் கெடுக்கும். டிரமடாலோடு 325 மி.கி பாராசிட்டமாலும் சேர்ந்தே வரும் மாத்திரைகள் இருக்கின்றன, அது தெரியாமல் காய்ச்சலுக்கென்று தனியாக வேறு 650 போடுகிறார்கள். தூக்க மாத்திரை, அல்பிரசோலம் மாதிரி, இந்தக் கூட்டணியில் சேரவே கூடாத மூன்றாவது ஆள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2016-இல் ஓபியாய்டு அட்டைகளில் கறுப்புக் கட்டம் கட்டி எச்சரிக்கை போட வைத்தது இந்த மூன்றையும் சேர்த்துத்தான். கடல்பாசி எடுக்கப் போகிற அக்காமார் யாரும் குடிப்பதில்லை, ஆனால் பக்கத்து வீட்டுக்காரி கொடுத்தாள் என்று தூக்க மாத்திரையை வலி மாத்திரையோடு போடுகிறார்கள். மூச்சுக்கு அதுவும் ஏறத்தாழ இதே கதைதான்.

இவ்வளவையும் டாக்டர் சொல்ல மாட்டாரா என்று கேட்கலாம். சிலர் சொல்கிறார்கள். ஓ.பி.யில் நூறு பேர் நிற்கும்போது "குடி உண்டா?" என்று கேட்க நேரமிருப்பதில்லை. கேட்டாலும் நம் ஆட்கள் "சேச்சே" என்பார்கள். பக்கத்தில் மாமனாரோ தங்கச்சி மாப்பிள்ளையோ நிற்கும்போது வேறென்ன சொல்வார்கள்? நான் கேள்வியை மாற்றிவிட்டேன். "குடிப்பீங்களாண்ணே?" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும். "கடைசியா எப்பண்ணே போட்டீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டால் பெரும்பாலும் உண்மை வந்துவிடும். வீட்டுக்காரி கூட வந்திருந்தால் இன்னும் சுலபம். அவர் பின்னால் நின்று கண்ணாலேயே சொல்லிவிடுவார். உபதேசம் மட்டும் செய்வதில்லை. உபதேசம் செய்தால் அடுத்த முறை வேறு கடைக்குப் போவார், அங்கே இதைக் கேட்க ஆள் இருக்காது.

உண்மை வந்துவிட்டால் நான் சொல்வது இதுதான். சீட்டில் இந்த மாத்திரை இருக்கிற நாள் வரைக்கும் குடி வேண்டாம், கடைசி மாத்திரைக்குப் பிறகும் இரண்டு நாள் வேண்டாம். முடியாது என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடமே சொல்லுங்கள், மாத்திரையை மாற்றித் தருவார். இன்று ஏற்கெனவே குடித்தாயிற்றா, ராத்திரி மாத்திரையை விட்டுவிடுங்கள். விட்டதைக் காலையில் சேர்த்து இரண்டாகப் போடக் கூடாது. இரண்டுமே உள்ளே போய்விட்டதா, தனியாகப் படுக்காதீர்கள், வீட்டில் ஒருவர் விழித்திருக்கட்டும். கூப்பிட்டால் எழவில்லை, மூச்சு விட்டு விட்டு வருகிறது, தொண்டை கொப்பளிக்கிறது, உதடு கறுக்கிறது, இதில் ஒன்று இருந்தாலும் 108. இதையெல்லாம் உறையில் ஸ்கெட்ச் பேனாவால் தமிழில் சுருக்கி எழுதியும் கொடுக்கிறேன். அட்டையில் இருக்கிற எச்சரிக்கை இங்கிலீஷில், எறும்பு எழுத்தில். எனக்கே கண்ணாடி வேண்டும்.

மீன்பிடித் தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, எனக்கு ஒரு தனி வேலை வைத்திருக்கிறேன். 61 நாள் படகு கரையில், ஆட்கள் வீட்டில். கையில் வேலையில்லை, மத்தியானமே ஆரம்பித்துவிடுகிறார்கள். அலமாரியில், சாமி படத்துக்குப் பின்னால், தகர டப்பாவில் போன வருடத்துப் பாதி அட்டை கிடக்கும். யாருக்கு எழுதியது என்றே தெரியாது. தடைக்காலம் தொடங்குவதற்கு முன்னால் வருகிற பெண்களிடம், வீட்டில் மிச்சம் கிடக்கிற வலி மாத்திரை அட்டையை எல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துவரச் சொல்வேன். எது எதற்கு என்று பிரித்துக் காட்டி, தேவையில்லாததை எடுத்துவிடுவேன். ஒரு பையில் மூன்று டாக்டர் எழுதிய ஒரே மருந்து மூன்று பெயரில் இருந்தது. மூன்றையும் சேர்த்துத்தான் போட்டுக்கொண்டிருந்தார்களாம், "மூணும் வேற வேற கலரு" என்று.

ஒரு பெரியவர், எனக்குப் பெரியப்பா முறை, இதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டார். "இப்ப நீ எதத்தா விடச் சொல்ற? மாத்திரையவா, அதையா?" நான் சொன்னேன், "ரெண்டையும் நான் முடிவு பண்ண முடியாது பெரியப்பா. பெரியம்மாவக் கூட்டிக்கிட்டு, இந்த அட்டைய எடுத்துக்கிட்டு டாக்டர்ட்ட போங்க. ராத்திரி எவ்வளவுன்னு உள்ளத உள்ளபடி சொல்லுங்க." முணுமுணுத்துக்கொண்டே போனார். அடுத்த முறை வந்தபோது சீட்டில் டிரமடால் இல்லை. இடுப்புக்கு ஒரு பெல்ட், தடவ ஒரு ஆயின்மென்ட், தரையில் படுத்துச் செய்ய நாலு பயிற்சி. பேரன் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கை சொல்கிறானாம். ஏழுக்கு அப்புறம் ஒன்பது என்கிறானாம், பெரியப்பாவும் திருத்துவதில்லையாம்.

குடியை விட்டாரா என்று பெரியம்மாவிடம் கேட்டேன். "கொறச்சிருக்காரு" என்றார், பாதி நம்பிக்கையோடு. போன வாரம் பெரியப்பா வந்து வெந்நீர் ஒத்தடப் பை கேட்டார். ஸ்டாக் இல்லை, ராமநாதபுரத்துக்கு ஆர்டர் போட்டிருக்கிறேன்.